குழிக்குப் போனவர்களும் ரயிலுக்குப் போகிறவர்களும்

கோலார் தங்கவயலில் 1960-களில் பதினெட்டு வயதுப் பையனிடம் "என்ன வேலைக்குப் போகப்போறே?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் "எந்த மைன்?" என்று கேட்டிருப்பார்கள். சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் என்று மூன்று சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா எதில் இறங்குகிறாரோ அதில் பிள்ளையும் இறங்குவான் என்பது எழுதிவைக்காத ஏற்பாடு. இன்று அதே தொழிலாளர் லைன் வீடுகளில் வளரும் பையனிடம் கேட்டால் பெங்களூரில் ஏதாவது ஒரு பேட்டையின் பெயரைச் சொல்வான். ஒயிட்ஃபீல்டு என்பான், கே.ஆர்.புரம் என்பான். என்ன வேலை என்பது அதற்குப் பிறகுதான் வரும். சுரங்கம் அவன் பதிலில் வராது. வர வழியும் இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த எவரும் அங்கே ஷிப்ட் சங்கு ஊதிக் கேட்டதில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுரங்க வேலை பிடிப்பதில்லை என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. இருட்டு, தூசி, ஆபத்து, ஒதுக்குப்புறமான ஊர் என்று காரணங்களும் அடுக்கப்படும். தங்கவயலின் நான்கு தலைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தப் பேச்சு முழுதாக நிற்பதில்லை. முதல் தலைமுறைக்கும் இருட்டு பிடித்திருக்கவில்லை. அவர்கள் வந்த காரணமும் இவர்கள் போகிற காரணமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலை எடுத்து நடத்த வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து நிலமற்ற குடும்பங்கள் வந்து குவிந்தன. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். இயந்திரமும் நிலக்கரியும் வந்த அதே பாதையில் ஆட்களும் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வேலையாட்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. வந்தவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். ஊரில் அவர்களுக்கு இருந்தது பண்ணையாரின் களம், நெல்லாகக் கிடைக்கும் கூலி, சேரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கோடு. தங்கவயலில் கூலி காசாகக் கிடைத்தது. மேஸ்திரி கமிஷன் பிடித்தான், மார்வாடிக்கடன் இருந்தது, குடியிருக்க மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறைதான் கிடைத்தது. ஆனாலும் அது காசு. யாருடைய களத்திலும் போய் நிற்க வேண்டியதில்லை. அன்றைய இளைஞன் மூவாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கியது பாறைமேல் ஆசைப்பட்டு இல்லை.

அந்தக் காசு சும்மா செலவாகிவிடவும் இல்லை. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளியின் சந்தாவில் ஒரு பத்திரிகை ஓடியது என்பதை, சுரங்க வேலை என்றாலே படிக்காதவன் வேலை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போயிருந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸை எட்டும். குளிரூட்டிய காற்றைக் குழாய்வழி கீழே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். ஒரே கேஜில், அதாவது ஆட்களை இறக்கும் கூண்டில், அடிவரை போய்விடவும் முடியாது. ஒரு குழியில் இறங்கி, நடந்து, அடுத்த குழியின் கேஜில் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். ஆழம் கூடக் கூடப் பாறை தன் மேல் இருக்கும் பாரம் தாங்காமல் வெடிக்கும். 'ராக்பர்ஸ்ட்' என்ற இந்தச் சொல் தங்கவயலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் ஆடும். பாத்திரம் ஆடியதும் பெண்கள் குழிவாசலுக்கு ஓடுவார்கள்.

வெடிக்காத நாட்களில் தூசி இருந்தது. 1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கும் மேல் சிலிகோசிஸ் கண்டிருந்தது. குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்து, மூச்சை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும் நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக முறையாகப் பதிவானதே இங்கேதான். நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாத அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளே அதே கேஜில் ஏறினார்கள். தைரியம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இல்லாதபோது மனிதன் பயத்தைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொள்கிறான்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசுக்குப் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் சுரங்க வேலையின் மதிப்பு மாறியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் கூலி இப்போது அரசாங்க வேலையாள். பி.எஃப்., ஆஸ்பத்திரி, மானிய விலையில் ரேஷன், சங்கம். பெண் கொடுக்க வருபவர்கள் "பர்மனென்டா?" என்று கேட்டார்கள். ஆம் என்றால், நுரையீரலைப் பற்றிய கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் தொடங்கப்பட்டது. அதன் பெரிய தொழிற்சாலை ஒன்று தங்கவயலில் அமைந்தது. ஊரார் வாயில் அது 'பெமல்'. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் இடம். மண்ணைத் தோண்டும் இயந்திரத்தை மண்ணுக்கு மேலே நின்று செய்யலாம். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் மனதுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொண்டார்கள். முதலில் பெமல், கிடைக்காவிட்டால் மைன்ஸில் சர்ஃபேஸ் வேலை, அதுவும் இல்லாவிட்டால் அண்டர்கிரவுண்டு. சுரங்கத்தின் மேல் இருந்த மோகம் குறைந்தது 2001-இல் என்று நினைப்பது தவறு. பக்கத்திலேயே வேறு ஒரு வாசல் திறந்த அன்றே அது குறையத் தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. மிஷன்களும் கம்பெனியும் நடத்திய பள்ளிகளால் தங்கவயலில் படிப்பு சீக்கிரம் பரவியது. லைன் வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் காதில் பழகியிருந்தது. சுரங்கத்துக்கு ஆள் தயாராகும் என்று நினைத்து வைத்த பள்ளிகள், சுரங்கம் வேண்டாம் என்று சொல்லக்கூடிய பிள்ளைகளைத் தயார் செய்தன. 1970-களில் குழிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாக்களே "நான் இறங்கினது போதும், என் பையன் இறங்கக் கூடாது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய பிள்ளைகள் சுரங்கத்தை வெறுக்கிறார்கள் என்று குறைபடும் பெரியவர்களில் பலர், அன்று இதைச் சொன்னவர்கள்தாம்.

அப்பாக்கள் சொன்னது நடந்துவிட்டது. ஆனால் அவர்கள் நினைத்த விதத்தில் நடக்கவில்லை. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடத்தில், கடைசிக் காலத்தில் நான்கு கிராம் கிடைப்பதே பெரிதாகிவிட்டது. ஆழம் கூடியது, செலவு கூடியது, புதிய ஆள் எடுப்பது குறைந்தது. முப்பதாயிரம் பேர் இருந்த வயலில் மூடும்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் சுரங்கத்தைக் கைவிடுவதற்கு முன்பே சுரங்கம் இளைஞர்களைக் கைவிட்டிருந்தது. பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் ஏறி, நூற்றிருபது ஆண்டுகள் வெட்டிய அறைகள் முழுகிவிட்டன.

இப்போது மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலையிலேயே ரயில் புறப்படுகிறது. உரிகத்தில் ஏறுபவர்கள், சாம்பியனில் ஏறுபவர்கள் என்று பெட்டிகள் நிறைந்து, பங்காருபேட்டை தாண்டும்போது கால் வைக்க இடம் இருக்காது. பெங்களூர் சுமார் நூறு கிலோமீட்டர். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய்வருகிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பெயின்டிங், கார்மென்ட்ஸ், ஆஸ்பத்திரி, கால்சென்டர், சாஃப்ட்வேர் என்று அந்த ஒரு ரயிலுக்குள் எல்லாத் தட்டும் உண்டு. சீட்டாட்டமும் உண்டு, பஜனைக் கோஷ்டியும் உண்டு, நின்றபடியே தூங்கக் கற்றவர்களும் உண்டு. ஆட்களைக் கொண்டுவந்த பாதை இப்போது ஆட்களை வெளியே எடுத்துப்போகிறது.

இரண்டு வேலைநாட்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நிலத்தடியில் வேலை செய்பவனுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அந்தக் கணக்கு அவன் நிலமட்டத்தை விட்டு இறங்கும்போது தொடங்கி, திரும்பி மேலே வந்து சேரும்போது முடியும். கேஜில் போகும் நேரம், அடியில் நடக்கும் நேரம் எல்லாம் எட்டுக்குள் அடக்கம். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்வந்த தாத்தாவின் பயணத்துக்குச் சம்பளம் உண்டு. நூறு கிலோமீட்டர் போய்வருகிற பேரனின் பயணத்துக்குக் கிடையாது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, ரயில் சிக்னலில் நின்றால் இன்னும் கொஞ்சம். அவன் வீட்டில் இருக்கும் நேரம், இரவு ஷிப்ட் பார்த்த தாத்தா வீட்டில் இருந்த நேரத்தைவிடக் குறைவு.

கைரேகை விஷயம் இன்னும் வேடிக்கை. 1930-இல் நிர்வாகம் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது வயல் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் திருடனிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்ற கோபம் அது. இன்று பேரன் பெங்களூர் கட்டடத்தின் வாசலில் தினம் இரண்டு வேளை விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான், வெளியே வருகிறான். இயந்திரம் விரலைப் படிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறான். தாத்தாவுக்குக் கோபப்படத் துணையாகப் பல்லாயிரம் பேர் ஒரே வயலில் இருந்தார்கள். பேரனோடு ரயிலில் ஒன்றாக வருபவர்கள் இறங்கியதும் நூறு கம்பெனிகளுக்குப் பிரிந்துபோகிறார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆபத்திலிருந்து காப்பாற்றும் எண்ணம்தான். ஆனால் ஒரே தொழில் உள்ள ஊரில் அதற்கு அர்த்தம், ஊரின் நல்ல சம்பளம் எதுவும் பெண்ணின் பெயரில் வராது என்பது. தங்கவயல் பெண் தொழிலாளியின் மகள், தொழிலாளியின் மனைவி, தொழிலாளியின் விதவை. இந்த மூன்றில் எதுவும் ஒரு வேலை இல்லை. இன்று காலை ரயிலில் பாதிப் பெட்டிக்குப் பெண்கள். நர்ஸ், தையல் இயந்திர ஆபரேட்டர், கணக்கர், மென்பொருள் சோதிப்பவர். சுரங்கம் மூடியதைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது வருகிற ஏக்கம் இந்தப் பெண்களின் பேச்சில் அவ்வளவாக வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. 2019-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் சார்ந்த பொறுப்புகளில் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடியில் வேலை செய்யலாம் என்றது. 2021-இல் ஜார்க்கண்டின் சூரி நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியியல் படித்த பெண் ஒருவர் நிலத்தடிப் பணியில் சேர்ந்தார். கோல் இந்தியாவின் வரலாற்றில் அப்படிச் சேர்ந்த முதல் பெண் அவர்தான். அந்தக் கதவு திறந்தபோது தங்கவயலில் இறங்கக் குழியே இல்லை.

படிப்பு மட்டும் அங்கே மிச்சம் இருக்கிறது. உரிகத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் ஒரு பாடப்பிரிவு. குழிமேடைகள் துருப்பிடித்து நிற்கும் ஊரில், குழி எப்படி வெட்டுவது என்று வகுப்பு நடக்கிறது. படித்து முடிப்பவர்கள் ஊரில் வேலை தேட முடியாது. பல்லாரியின் இரும்புத்தாது, ராய்ச்சூர்ப் பக்கத்து ஹட்டி தங்கச் சுரங்கம், வட இந்திய நிலக்கரி என்று போக வேண்டும். ராக்பர்ஸ்ட்டை ஆராய வேண்டிய தேவையிலிருந்து 1988-இல் தங்கவயலில் எழுந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் பின்னாளில் பெங்களூருக்கு இடம் மாறியது. ஊர்ப் பிள்ளைகள் போன வழியிலேயே ஆராய்ச்சியும் போய்விட்டது.

இளைஞர்களின் மனநிலையை நெய்வேலியில் வேறு கோணத்தில் பார்க்கலாம். அங்கே சுரங்கம் மூடவில்லை. 1956-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறது. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் தங்கவயலின் பயங்கள் பலவும் அங்கே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் சுரங்க வேலை வேண்டாம் என்று சொல்வதில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் வேலை கேட்டுத்தான் வாசலில் உட்காருகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுத்தான் நிற்கிறார்கள். முன்பு அந்த வாசலில் நிலப் பத்திரமும் உழைக்கத் தெம்பும் பேசின. இப்போது அதிகாரிப் பதவிக்கு கேட் தேர்வு மதிப்பெண் பேசுகிறது, கீழ்மட்ட வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போகிறது. நடுவில் இருந்த அந்தப் 'பர்மனென்ட்' என்ற அகலமான படி குறுகிப்போய்விட்டது. தங்கவயல் கொள்ளுத்தாத்தா தேடிவந்ததும் அந்தப் படியைத்தான். இளைஞர்களின் மனம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள் அந்தப் படியின் அளவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். பாறையைத் தட்டிப் பார்த்து, வரும் ஓசையில் அது நிற்குமா விழுமா என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். புத்தகத்தில் வராத படிப்பு அது. கூடவே இறங்கியவனுக்கு மட்டும் கைமாறும். 2001-இல் இருபது வயதில் கடைசியாக இறங்கியவனுக்கு இன்று நாற்பத்தைந்து ஆகிறது. அவனுக்குப் பிறகு அந்தக் காது யாருக்கும் இல்லை. மூடிய குழிகளுக்குள் இரும்புக்கும் தாமிரக் கம்பிக்கும் திருட்டுத்தனமாக இறங்கி இளைஞர்கள் உயிர்விட்ட செய்தி அவ்வப்போது வரும். எங்கே கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தர அவர்களோடு யாரும் இறங்கவில்லை. 2018-இல் ஊரின் பெயரிலேயே வந்த கன்னடப் படம் இந்தியா முழுக்க ஓடியது. வெளியூரில் தங்கவயல்காரன் என்று சொன்னால் இப்போது முதலில் அந்தக் கதாநாயகனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். லைன் வீடுகளின் கதை அதில் இல்லை.

கிடைத்ததும் சிறிதில்லை. சுரங்கத் தூசியால் முப்பது வயதில் இருமத் தொடங்கும் ஆண்கள் தங்கவயலில் இன்று இல்லை. கோடையில் சயனைடு மேட்டுப் புழுதி காற்றில் எழுந்து வீட்டுக்குள் வருவது நிற்கவில்லை. ஆனாலும் ஷிப்டுக்கு ஷிப்ட் குவார்ட்ஸ் தூளை விழுங்குவதோடு அதை ஒப்பிட முடியாது. பையனுக்கு எந்த வேலை என்பதை அப்பாவின் டோக்கன் எண் முடிவு செய்வதில்லை.

அந்த மேடுகள்தாம் இப்போது மறுபடி பேச்சுக்கு வந்திருக்கின்றன. அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், பதின்மூன்று குன்றுகளாக, சுமார் 3.3 கோடி டன். அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் ஒட்டியிருக்கிறது. தங்கம் விற்கும் விலையில் அதுவும் இலாபம்தான். அவற்றிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. வேலை வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. யாரும் பூமிக்கடியில் இறங்க வேண்டியிராது. எக்ஸ்கவேட்டர், லாரி, ஒரு சுத்திகரிப்பு ஆலை போதும். அந்த அளவுக்கு ஆட்களும் குறைவாகவே தேவைப்படுவார்கள்.

பெரியவர்கள் எத்தனை டன் தங்கம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். இளைஞர்கள் கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா என்று கேட்கிறார்கள். காண்ட்ராக்ட் என்று பதில் வந்தால் முதலில் விண்ணப்பம் கொடுக்கப்போவது இருபது வயதுக்காரர்களாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. சுரங்கம் மூடிய ஆண்டில் பள்ளியை விட்டு நேராகப் பெங்களூர் ரயிலில் ஏறியவர்கள் கொடுப்பார்கள். இன்று நாற்பதைத் தாண்டிவிட்ட அவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை; நாளுக்கு ஐந்து மணி நேரம் மிச்சமாகும்.